கதவுக்கு எதுக்கு இன்டர்நெட்?

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் வாரண்டி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி என்று வீட்டுக்குள் கரண்ட் குடிக்கும் சாமான் எது கெட்டாலும் ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவதற்கென்று ஒரு எண் இருக்கிறதல்லவா, அதன் மறுமுனையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். செய்தவன் எங்கோ இருப்பான். விற்றவன் கமிஷனை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போயிருப்பான். வசவு மட்டும் தவறாமல் இவள் காதுக்கு வந்து சேரும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அதையே மாதச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று அலுவலகக் குரல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பழக்கினார்கள். "வணக்கம். உங்க சிரமத்துக்கு வருந்துறோம். பதற்றப்படாதீங்க, கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க." எதிரே இருப்பவன் அவளுடைய பரம்பரையையே இழுத்தாலும் இந்தக் குரல் நூலளவு ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. இன்னொன்று சொந்தக் குரல். பகலெல்லாம் விழுங்கியதை மாலையில் வீட்டுக்கு வந்து வட்டியும் முதலுமாக இறக்குகிற குரல். வேன் ஓட்டுகிற கணவர் செருப்போடு சேர்த்துக் காதையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரப் பழகியிருந்தார்.

சாமான்களைப் பற்றி அவளுக்குத் தீர்ப்புகள் இருந்தன. மேல்முறையீடு கிடையாது. திருகுகிற குமிழ் உள்ள மெஷின் உழைக்கும், தடவுகிற கண்ணாடி உள்ள மெஷின் உழைக்காது. துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடுகிற வாஷிங் மெஷினுக்குத் துவைப்பதைத் தவிர எல்லாம் தெரியும். தானாக அப்டேட் ஆவது எதுவோ அது தானாகவே கெட்டும் போகும். ஒரு ஃபிரிட்ஜ் தன்னை இன்டர்நெட்டில் சேர்க்கச் சொல்லி அடம்பிடிப்பதாக ஒரு ஆள் புகார் சொன்னபோது, அலுவலகக் குரலை மறந்து, "ஐஸ் போடறதுக்கு அது எவன்கிட்ட யோசனை கேக்கணுமாம்?" என்று கேட்டுவிட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவளுடைய போன் முதுகில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய போன். "இது கல்லு. உங்களோடதெல்லாம் கண்ணாடி வளையல்" என்று அதைத் தூக்கிக் காட்டி எல்லோரையும் மட்டம் தட்டுவாள். புதுப் போன் வாங்கி வந்த எவரும் அவள் மேசைப் பக்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கத் துணியவில்லை.

பூட்டு, பாஸ்வேர்டு விஷயத்தில் இன்னும் மோசம். கம்ப்யூட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தால் கிழித்து எடுத்து, எழுதியவர் மேசையிலேயே கசக்கிப் போடுவாள். பிள்ளையின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்திருந்த கணக்குப் பிரிவு அம்மாளை, "உங்க பிள்ளை பேரை ஊருக்கே இனிப்பு குடுத்துச் சொன்னீங்க, திருடனுக்கு மட்டும் சொல்லலையா?" என்று கேட்டு அழ வைத்திருக்கிறாள்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த எண்ணுக்கு வருகிற அழைப்புகளில் சில மெஷினைப் பற்றியே இருக்காது. உங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ நயமாகப் பேசி, போனுக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டுப் போயிருப்பான். ஏமாந்தவர்கள் இவளிடம் கூப்பிட்டு அழுவார்கள். "உங்க குரல் மாதிரியேதாம்மா இருந்துச்சு. அவ்வளவு பணிவு" என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் சொன்ன நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு, பெற்ற மகனின் குரலிலேயே யாரோ பேசி ஏமாற்றியதாக ஒரு பெண் அழுதாள். அன்றிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் ஒரே பாட்டுதான். "போன்ல எவன் நம்பர் கேட்டாலும் குடுக்காதே. நானே கேட்டாலும் குடுக்காதே."

இவ்வளவு வெறுப்புக்கும் மூலவர் ஒருவன் இருந்தான். கூடப் பிறந்த தம்பி. பெரிய ஷோரூமில் விற்பனையாளன். ஆஃபர் என்று அவனுக்குப் பட்டப்பெயர். சட்டையில் கசங்கல் இல்லாமல் நின்றுகொண்டு, வருகிறவர்களைச் சர்க்கரையாய்ப் பேசிக் கவிழ்ப்பவன். அவன் விற்பான், அவள் திட்டு வாங்குவாள். ஒரே வயிற்றில் பிறந்ததற்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா என்று அவள் கேட்பாள்.

இருவருக்கும் நடுவில் அம்மா. அவள் இருபக்கமும் அடிபடும் சாது மத்தளம் இல்லை. சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்துப் பிள்ளைகளை வளர்த்தவள். டிக்கெட் இல்லாவிட்டால் ஈயைக்கூட உள்ளே விட மாட்டாள் என்று பேர். ஒருமுறை மகள் பள்ளிக்கூடத்துத் தோழிகளோடு வந்து, அம்மாதானே நிற்கிறாள் என்ற தைரியத்தில் வெறுங்கையோடு நுழையப் பார்த்தாள். "டிக்கெட் எங்கே?" என்றாள் அம்மா, முன்பின் தெரியாதவளைக் கேட்பது போல. தோழிகள் எல்லோரும் உள்ளே போனார்கள். மகள் படம் முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றாள். அந்தப் பிடிவாதம் மகளுக்கும் அப்படியே வந்திருந்தது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

அந்த அம்மா இப்போது ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். இதயத்துக்கு ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவள். காது மெஷின் இல்லாவிட்டால், போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தால்தான் ஏதாவது கேட்கும். தலையில் கிலையில் அடி பட்டால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து ஸ்டூலில் ஏறாதே என்று மகள் கத்திக்கொண்டே இருந்தாள். மகன் ஒரு இரும்புக் கதவைப் போட்டு, அதில் எண்ணை அழுத்தித் திறக்கிற புதுப் பூட்டையும் மாட்டிக் கொடுத்தான். எங்கிருந்தாலும் தன் போனிலிருந்தே திறக்கலாம் என்று பெருமையாகச் சொன்னான். கேள்விப்பட்ட மறுநாளே அக்கா அங்கே போய் நின்றாள்.

"கதவுக்கு எதுக்கு இன்டர்நெட்?" என்று கேட்டுக்கொண்டே, பூட்டை இன்டர்நெட்டோடு சேர்க்கிற சின்ன டப்பாவைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். தம்பி வைத்திருந்த எண்ணைக் கேட்டாள். அம்மாவின் பிறந்த வருஷம். தலையில் அடித்துக்கொண்டு, "உடனே மாத்து" என்றாள். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புது எண்ணை அழுத்தும்போது, இவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "எனக்குக்கூடச் சொல்லாதே. போன்ல யார் கேட்டாலும் சொல்லாதே. என் குரல்லயே கேட்டாலும் சொல்லாதே." அவசரத்துக்கென்று கம்பெனி கொடுத்திருந்த இரும்புச் சாவிகள் இரண்டையும் அம்மாவின் பீரோவுக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாள். தம்பி கையில் ஒன்று இருக்கட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, "அவன் அதையும் ஆஃபர்ல வித்துருவான்" என்றாள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில்தான், "ஆசையா வாங்கி மாட்டினான். எதைப் பார்த்தாலும் ஒரு குத்தம், எவனைப் பார்த்தாலும் ஒரு வசவு. உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி?" என்றாள்.

அலுவலகத்தில் பகல் முழுக்க நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வார்த்தை தடித்தது. "அவன்தான் உனக்குப் பிள்ளை. அவனையே கட்டிட்டு அழு. இனிமே உன் வாசலை மிதிச்சா நான் உனக்குப் பொறந்தவ இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தம்பியின் எண்ணைத் தன் போனில் முடக்கிப் போட்டாள். அதன் பிறகு போகவில்லை. தினமும் போக நினைத்தாள், தினமும் ரோஷம் தடுத்தது. அம்மாவும் கூப்பிடவில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு முற்பகல், ஹெட்போனில் மணி அடித்தது. "வணக்கம். உங்க சிரமத்துக்கு வருந்துறோம்" என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, நான்தான்."

கையும் காலும் எரிந்தன. "உங்க புகார் எண்ணைச் சொல்லுங்க" என்றாள் தேனாக.

"விளையாடாதேக்கா. உன் போன்ல என்னை முடக்கி வெச்சிருக்கே, அதான் இதுல கூப்பிடறேன். இப்பதான் அம்மாவுக்குப் போன் பண்ணினேன், விழுந்துட்டா. ஸ்டூல்ல ஏறியிருக்கா. சமையலறையில கெடக்கறா, எழுந்திருக்க முடியல. பின்மண்டை ஈரமா இருக்குங்கறா."

"நீ எங்கடா இருக்கே?"

"வெளியூர்ல. பயிற்சிக்கு வந்தேன். கிளம்பிட்டேன், வர சாயந்திரம் ஆயிடும்."

"போன்லேர்ந்து கதவைத் தொற! அதுக்குத்தானே மாட்டினே?"

"நீதானே டப்பாவைப் புடுங்கினே. அம்மா இன்னிக்கு வரைக்கும் அதை மாட்ட விடலை. அக்கா வேண்டாம்னு சொல்லிட்டா, வேண்டாம்னுட்டா."

"நம்பரைக் கேளு."

"கேட்டேன். போன்ல சொல்ல மாட்டாளாம். அக்கா சொல்லியிருக்காளாம். நீ என் பிள்ளைதானான்னு எனக்கே சந்தேகமா இருக்குன்னு சொல்லிப் போனை வெச்சுட்டா. உன் பேச்சைத்தான் கேக்கறா, நீ போ."

ஹெட்போனை மேசையில் வீசிவிட்டு ஓடினாள். வண்டியில் போகும்போதே தன் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். சார்ஜ் நிறைய இருப்பதாகக் காட்டிய அந்தக் கல், இரண்டாவது மணி அடிப்பதற்குள் ஒரு முனகலோடு அணைந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டினாள், தட்டினாள், உலுக்கினாள். உயிர் வரவில்லை. வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்தப் போனைத் திட்டினாள்.

அம்மாவின் எதிர்வீட்டுத் தையல்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க வாசலிலேயே நின்றார். "உங்க தம்பி எனக்கும் போன் பண்ணாரும்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. கதவு வெட்டற ஆளுக்கும் சொல்லியாச்சு. ஆனா இரும்புக் கதவு, மெஷின் எடுத்துட்டு வரணுமாம். தட்டித் தட்டிப் பார்த்தேன், உள்ள காது கேக்கலை போலிருக்கு" என்றார்.

அவள் பூட்டின் மேல் பாய்ந்தாள். தன் பிறந்த தேதியை அழுத்தினாள். இல்லை. தம்பியுடையது. இல்லை. அப்பா செத்த நாள். இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பூட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ஏறாமல் இறங்காமல், "தவறான எண். தயவுசெய்து சற்று நேரம் கழித்து முயற்சிக்கவும்" என்றது. அவளுடைய அலுவலகக் குரலேதான். சற்று நேரம் கழித்து முயற்சிக்கவும் என்று அவளும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். கதவை ஓங்கி உதைத்தாள். கால்தான் வலித்தது.

தையல்காரரின் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டாள். எடுத்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"யாரு?"

அந்த ஒற்றைச் சொல்லில் அம்மா எவ்வளவு தளர்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. பயத்தில் எது பழக்கமோ அதுதானே வாயில் வரும். "அம்மா, நான்தாம்மா பேசறேன். பதற்றப்படாதீங்க. நான் வாசல்லதான் இருக்கேன். கொஞ்சம் பொறுமையா அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"யாருடி நீ?" என்றாள் அம்மா.

"உங்க பொண்ணும்மா."

"என் பொண்ணு என்னை வாங்க போங்கன்னு கூப்பிட்டதே கிடையாது. இப்படிக் குழையவும் அவளுக்குத் தெரியாது. என் வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவ அவ. சொன்னா சொன்னதுதான், செத்தாலும் வர மாட்டா. வைடி போனை, திருடி."

அம்மா போனை வைத்துவிட்டாள். அவள் அந்த இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா தலையில் ரத்தத்தோடு கிடக்கிறாள். அந்த நிலையிலும், தன் மகள் வர மாட்டாள் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. செத்தாலும் வர மாட்டா. அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அழுகை வந்துவிட்டது. "அம்மா, சத்தியமா நான்தாம்மா. என் தங்கமே, தயவு பண்ணி..."

"அழுது ஏமாத்துவாங்கன்னும் என் மக சொல்லியிருக்கா." குரல் போன முறையைவிட மெலிந்திருந்தது. "நம்பர் கேக்கறவ எல்லாம் திருடிதான். எனக்குத் தூக்கம் வருது. விடு."

தூக்கம் வருகிறது என்றதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. அடி வயிற்றிலிருந்து சொந்தக் குரல் கிளம்பியது. தையல்காரர் இரண்டு அடி பின்வாங்கினார்.

"ஏய், தூங்கினே கொன்னுடுவேன்! அறிவிருக்கா உனக்கு? மண்டை உடைஞ்சு கெடக்கறப்பவும் வீம்பு! ஸ்டூல்ல ஏறாதே ஏறாதேன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டியா? நான் சொன்னதுல ஒண்ணை விடாம கேக்கறே, இதை மட்டும் கேக்க மாட்டே! அன்னிக்குக் கொட்டகை வாசல்ல, அத்தனை பேர் முன்னால, பெத்த பொண்ணைப் பார்த்து டிக்கெட் எங்கேன்னு கேட்டு வெளியில நிறுத்தினவதானே நீ? இன்னிக்கும் நிறுத்து! வாழ்நாள் பூரா நிறுத்து! என்கிட்ட டிக்கெட் இல்லடி! மரியாதையா நம்பரைச் சொல்லு!"

பெற்ற தாயை டி போட்டுக் கூப்பிட்டது மாடி முழுக்க எதிரொலித்தது. அம்மா போய்விட்டாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வந்துட்டியாடி?" என்றாள் அம்மா.

"வந்துட்டேன்."

"இதை மொதல்லயே இப்படிக் கேக்கறதுக்கென்ன? எவளோ கம்பெனிக்காரி மாதிரி பேசினா நான் என்னத்தைக் கண்டேன்." நிறுத்தி நிறுத்தி எண்ணைச் சொன்னாள். யாருடைய பிறந்த நாளும் இல்லை, யாராலும் ஊகிக்க முடியாத எண். அந்த நேரத்திலும் அவள் புத்தி, நல்ல எண்தான் என்று மெச்சியது. அந்தப் புத்தியின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

சிவப்பு விளக்கு அணையக் காத்திருந்து, அழுத்தினாள். பூட்டு ஒரே தடவையில் திறந்தது. அம்மா சமையலறைத் தரையில், போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி கிடந்தாள். பக்கத்தில் கவிழ்ந்த ஸ்டூல். காது மெஷின் அடுப்புக்குக் கீழே உருண்டு போயிருந்தது. சுவரில் அந்த டப்பா இருந்த இடம், இவள் பிடுங்கியபடியே வெறுமையாக இருந்தது.

மருத்துவமனையில் தலைக்குத் தையல் போட்டார்கள். இடுப்பெலும்பில் கீறல். இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். சாயந்திரம் தம்பி ஓடி வந்தான். சட்டை முதல்முறையாகக் கசங்கியிருந்தது. அம்மா பிழைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பூட்டு ஒழுங்கா வேலை செஞ்சுதாக்கா?"

"செஞ்சுது. அதான்டா தொல்லையே" என்றாள். "உன் மூஞ்சியில முழிக்கவே கூடாதுன்னு இருந்தேன். நாளைக்கு அந்த டப்பாவை மாட்டு. பீரோவுல இருக்கற சாவியில ஒண்ணை எனக்குக் குடு."

"புதுசா ஒரு போனும் எடுத்துத் தரட்டுமா? நல்ல ஆஃபர்..."

"வெளியே போடா."

அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தலையில் கட்டு, கையில் ஊசிக் குழாய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். அத்தனை மாதம் வராமல் போனதற்கு ஏதாவது சொல்ல வேண்டும். நெஞ்சு முழுக்க இருந்தது. வாயைத் திறந்தாள்.

"அம்மா, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..."

அவளுக்கே கேட்டது. பாதியில் நிறுத்தினாள். அன்பாகப் பேச அவளுக்கு வேறு குரல் இல்லை. இருந்த ஒன்றையும் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது.

அம்மா கண்ணைத் திறக்காமலேயே கையை இழுத்துக்கொண்டாள். "அந்தத் திருடி குரல்ல பேசாதேடி. பயமா இருக்கு," என்றாள். "திட்டு."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்டூல்ல ஏறி அப்படி என்னத்தைக் கிழிச்சே?" என்று ஆரம்பித்தாள். அம்மா தானாகவே மறுபடி கையை நீட்டினாள்.